ஆவடித் தீர்மானமும் ஒரு மொட்டை மாடியும்

சென்ற ஆண்டுக் கோடையின் தொடக்கத்தில் நம் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர் தம் வீட்டு மொட்டை மாடிக்கு நம்மை அழைத்துச் சென்றார். புது வீடு மந்திரிக்க அழைப்பார்கள். புது வண்டி மந்திரிக்க அழைப்பார்கள். பட்டறையில் புதிய லேத் இறங்கினால் அதற்கும் புனித நீர் தெளித்திருக்கிறோம். இம்முறை நமக்காகக் காத்திருந்தவை, தெற்கு நோக்கிச் சாய்த்து நிறுத்தப்பட்டிருந்த ஆறு சோலார் பலகைகள். மொத்தம் 3 கிலோவாட். நடுவண் அரசின் மானியம் 78,000 ரூபாய். மீதிக்கு வங்கிக் கடன். தொழிற்கருவிகளை ஆசீர்வதிக்கும் மன்றாட்டைச் சொல்லி நீர் தெளித்தோம். வெயிலில் அது உடனே காய்ந்துவிட்டது.

அந்த மாடியில் நின்று பார்த்தால் ஒருபுறம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் தகரக் கூரைகள். மறுபுறம் ஆவடியை நோக்கிச் செல்லும் இரயில் பாதை. கீழே, அதே வீட்டின் பின்கட்டில், ஒற்றை அறைக் குடித்தனங்கள் வரிசையாக ஆறு. படியிறங்கி வரும்போது, கடைசி அறையில் குடியிருப்பவரும் நம் அன்பியத்துக்குத் தவறாமல் வருபவருமான அம்மா ஒருவர் வழியில் நின்றார். "ஃபாதர், இனிமே எங்க கரண்ட் காசும் குறையுங்களா?" என்று கேட்டார். நாம் சிரித்துச் சமாளித்துவிட்டு வந்தோம். அந்தச் சிரிப்புத்தான் பல நாள் நம்மை உறுத்தியது. ஏனெனில் அவர் கேட்டது சின்னக் கேள்வியன்று. அந்த இரயில் பாதையில் மூன்று நிறுத்தங்கள் தள்ளி, எழுபது ஆண்டுகளுக்குமுன் ஒரு பெரிய பந்தலின்கீழ் எழுந்த கேள்வியும் ஏறத்தாழ அதுவேதான்.

ஆவடி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, 1960களில் விஜயந்தா டாங்கிகளை உருவாக்கிய கனரக வாகனத் தொழிற்சாலை. அதற்கும் முன்பே, 1955 ஜனவரியில், ஆவடியின் பெயர் நாடெங்கும் ஒலித்தது. இந்திய தேசிய காங்கிரசின் மாநாடு யு. என். தேபர் தலைமையில் அங்கே கூடியது. மாநாட்டுத் திடலுக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிட்டிருந்தார்கள். காமராசர் முதலமைச்சராகி ஓராண்டுகூட நிறைவடையாத காலம். பிரதமர் நேருவின் விருப்பப்படி அங்கே ஒரு தீர்மானம் நிறைவேறியது. நாட்டின் திட்டமிடல் சோஷலிச மாதிரிச் சமுதாயத்தை நோக்கியதாக இருக்க வேண்டும். உற்பத்திக்கான முக்கிய சாதனங்கள் சமுதாயத்தின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும். உற்பத்தி பெருக வேண்டும். பெருகிய செல்வம் நேர்மையாகப் பங்கிடப்பட வேண்டும். ஆவடித் தீர்மானம் என்று பள்ளி மாணவர்கள் நெட்டுருப் போடுவது இதைத்தான்.

சோஷலிசம் என்ற சொல்லைக் கேட்டாலே அந்நாளில் நம் கத்தோலிக்க இல்லங்களில் பலர் சிலுவை அடையாளம் இட்டுக்கொள்வார்களாம். பூந்தமல்லித் திரு இருதயக் குருத்துவக் கல்லூரியில் நாம் இறையியல் பயின்ற நாட்களில் மூத்த குருக்கள் வேடிக்கையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தத் தீர்மானத்தின் கடைசி விருப்பத்தில் திருச்சபைக்கு மாறுபாடு இருந்திருக்க முடியாது. பத்து ஆண்டுகள் கழித்து, 1965இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில் மண்ணுலகின் நலன்கள் மாந்தர் அனைவருக்கும் உரியவை என்றே கூறியது.

அன்றைய சென்னை மாநிலத்தில் இந்தத் தீர்மானம் எந்த உருவில் மக்களைத் தொட்டது என்று தேடினால், மின்கம்பத்தின் உருவில்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. பைக்காரா 1932இலும் மேட்டூர் 1937இலும் பாபநாசம் 1944இலும் மின்சாரம் தரத் தொடங்கியிருந்தன. கனடா நாட்டின் துணையுடன், கொழும்புத் திட்டத்தின்கீழ், குந்தாப் பணி 1956இல் தொடங்கியது. 1957 ஜூலை முதல் நாள் மாநில மின்வாரியம் அமைந்தது. சென்னைப் பேசின் பாலத்தில் நிலக்கரி எரிந்தது உண்மையே. எனினும் மாநிலத்தின் பெருநம்பிக்கை மலையிலிருந்து விழுகிற தண்ணீரின்மேல்தான் இருந்தது. இன்று நாம் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று புதுமையாகப் பேசுகிறோமே, நம் பாட்டனார் காலத்து மின்சாரத்தின் பெரும்பகுதி அதுதான். பெயர்தான் இல்லை.

அந்தத் தண்ணீரின் மின்சாரம் யாருடைய கூரையிலும் பிறக்கவில்லை; அரசின் அணையில் பிறந்து, அரசின் கம்பியில் ஓடியது. அதனால்தான் பங்கிட முடிந்தது. 1960களின் முடிவில் இந்தியாவில் மின்சாரப் பம்புசெட்டுகள் மிகுதியாக ஓடிய மாநிலம் நம்முடையது. சிறு விவசாயிகளுக்கு 1984இலும், எல்லா விவசாயிகளுக்கும் 1990இலும் அது இலவசமாயிற்று. தொழில்துறையையும் மின்துறையையும் ஒருசேரக் கவனித்த அமைச்சர் ஆர். வெங்கட்ராமனின் காலத்தில் 1958இல் கிண்டியிலும், 1964இல் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகள் எழுந்தன. மிதிவண்டித் தொழிற்சாலை 1949இலேயே அம்பத்தூருக்கு வந்துவிட்டது. 1960களின் தொடக்கத்தில் பாடியில் வாகன உறுப்புத் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. அவற்றுக்கு உறுப்பு செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் பட்டரவாக்கத்திலும் மண்ணூர்ப்பேட்டையிலும் பெருகின. ஒரு லேத், ஒரு மோட்டார், ஒரு மின் இணைப்பு இருந்தால் தொழிலாளி முதலாளியாகலாம் என்ற நிலை இப்பகுதியில் சில பத்தாண்டுகள் நிலவியது. நம் பங்கின் பழைய திருமணப் பதிவேடுகளைப் புரட்டினால் தெரிகிறது: தந்தை 'ஃபிட்டர்', மகன் 'சுயதொழில்'.

பழமையைப் பொன்னாக்கிக் காட்டுவது நம் நோக்கமன்று. கம்பி எல்லார் வாசலுக்கும் வந்துவிடவில்லை. 1997 வரையில், ஒரு கிராமத்தின் எல்லைக்குள் எங்கேனும் எதற்கேனும் மின்சாரம் பயன்பட்டால் போதும், அந்தக் கிராமம் மின்வசதி பெற்றது என்று அரசு ஏட்டில் எழுதிவிடலாம். பெரிய பண்ணையாரின் கிணற்றில் மோட்டார் ஓடினால் ஊரே வெளிச்சமாகிவிட்டது என்று பொருள்! பத்தில் ஒரு வீட்டிலாவது விளக்கு எரிய வேண்டும் என்ற விதி 2004இல்தான் வந்தது. தலித் மக்களின் குடியிருப்பு எல்லையில் கம்பம் நின்றுபோன ஊர்களை நாம் அறிவோம். குடிசைக்கு ஒரே ஒரு விளக்கு என்ற 'குடீர் ஜோதி'த் திட்டத்தை நடுவண் அரசு கொண்டுவந்தது 1988-89இல். ஆவடித் தீர்மானத்துக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. ஆயினும் குறையைச் சுட்டிக் கேட்க ஓர் இடம் இருந்தது. மின்வாரிய அலுவலகத்து வாசலில் போய் நின்று, எங்கள் தெருவுக்குக் கம்பம் எங்கே என்று கேட்கலாம். கேட்டவர்களுக்குத் தாமதமாகவேனும் கிடைத்தது.

இங்கே ஒரு புள்ளிவிவரத்தை வைத்துக்கொள்வோம். உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் பொருளியலாளர்கள் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் மேல்தட்டிலுள்ள நூற்றில் ஒருவரின் கைக்குப் போகும் பங்கு நாட்டு வருமானத்தில் விடுதலைக்குப்பின் குறைந்துகொண்டே வந்து, 1980களின் தொடக்கத்தில் 6 விழுக்காட்டை ஒட்டி நின்றது. பின்பு திரும்பி ஏறத் தொடங்கி, 2022-23இல் 22.6 விழுக்காட்டைத் தொட்டது. 1922 முதல் கிடைக்கும் கணக்கில் இவ்வளவு உயரம் இதற்குமுன் இல்லை.

காற்றாலை தமிழ்நாட்டுக்கு வந்தது, இந்தக் கோடு திரும்பிய அந்த ஆண்டுகளில்தான். அது தற்செயலாகவே இருக்கட்டும். ஆனால் பிறந்த காலத்தின் குணம் பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டது. 1986இல் தூத்துக்குடியில் அரசின் செயல்விளக்கக் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. குஜராத்தின் ஓக்காவிலும் மராட்டியத்தின் இரத்தினகிரியிலும் அதே ஆண்டில் நிறுவினார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று எவ்வளவு வல்லது என்பது ஊரார் அறிந்தது. அதற்கு விலை உண்டு என்பதை 1990களில் வருமான வரிச் சட்டம் கண்டுபிடித்தது. காற்றாலை வாங்கும் நிறுவனம் அதன் முழு விலையையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம். எளிய கணக்காகச் சொன்னால், ஒரு கோடி ரூபாய் இலாபம் ஈட்டிய நிறுவனம் அதற்கு நாற்பது இலட்சத்தை ஒட்டி வரி கட்ட வேண்டியிருக்கும். அதே ஆண்டில் ஒரு கோடிக்குக் காற்றாலை வாங்கிவிட்டால் அவ்வாண்டு கட்ட வேண்டிய வரி இல்லை. அதாவது, முப்பந்தலில் சுழன்ற அந்த இறக்கைகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு பொதுமக்களின் பணம். சுழன்றதோ ஒருவருக்காக.

முப்பந்தலில் உண்டான மின்சாரத்தை வாரியத்தின் கம்பியில் ஏற்றிவிட்டு, கோயம்புத்தூர் ஆலையின் கணக்கில் கழித்துக்கொள்ளவும், காற்றடிக்கும் மாதத்து மிகுதியைச் சேமிப்புப் போல வாரியத்திடம் வைத்திருந்து பிறகு எடுத்துக்கொள்ளவும் வசதி செய்து தரப்பட்டது. தொழிலை வளர்த்த ஏற்பாடுதான், மறுக்கவில்லை. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைக் கடந்து நிற்பதற்கும், 2023இல் குஜராத் முந்தும் வரை நாட்டில் முதலிடத்தில் நின்றதற்கும் இதுவே அடித்தளம். ஆனால் இந்தச் சலுகையின் வாசலில் நுழைவுச் சீட்டு ஒன்று கேட்கப்பட்டது: உன்னிடம் வரி கட்டுமளவுக்கு இலாபம் உண்டா? அம்பத்தூரின் லேத் பட்டறைக்காரரிடம் அது இல்லை. ஓடாத காற்றாலைக்கும் வரிச் சலுகை கிடைத்ததே என்று பலர் முறையிட்ட பிறகு, உற்பத்தியாகும் யூனிட்டுக்கு 50 காசு என்ற ஊக்கத்தொகை 2009இல்தான் வந்தது. மானாவாரி நிலத்தையும் பனங்காட்டையும் வந்த விலைக்கு விற்ற குடும்பங்கள் இந்தக் கணக்கில் எந்த வரியிலும் இல்லை.

2008ஐ அடுத்து வந்த சில ஆண்டுகளை நம் பகுதியில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். உயர் அழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்கு நூற்றுக்கு நாற்பது வெட்டு. மாலை 6 முதல் 10 வரை ஆலைகள் மின்சாரம் எடுக்கத் தடை. 2012இல் சென்னைக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் மின்வெட்டு என்றால், உள்மாவட்டங்களில் பல நாள் 12 மணி நேரத்துக்கும் மேல். காற்றாலை வைத்திருந்த நூற்பாலைகளுக்கு, காற்று வீசும் மாதங்களிலாவது மூச்சுவிட இடம் இருந்தது. சிறு பட்டறைக்கு டீசல் ஜெனரேட்டர். அந்த மின்சாரத்தின் விலை வாரியத்தின் விலையைப்போல் இரு மடங்குக்கும் மேல். அதுவும் இல்லாதவர் லேத்தை மூடிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அந்நாட்களில் நம்மிடம் நற்சான்றுக் கடிதம் வாங்க வந்த இளைஞர்களில் சொந்தப் பட்டறையை விற்றுவிட்டு, பெரிய ஆலையில் ஒப்பந்தக் கூலியாகச் சேரப் போனவர்கள் உண்டு. கொடுமை என்னவென்றால், கடத்தும் கம்பிகள் போதாமல் தென்மாவட்டக் காற்றாலைகளை நிறுத்திவைத்த நாட்களும் அதே ஆண்டுகளில்தான்.

சட்டம் கதவைத் திறந்துதான் வைத்திருந்தது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், வாரியத்தை விட்டு வேறொருவரிடம் மின்சாரம் வாங்கும் உரிமையை அளித்தது. ஆனால் ஒரு மெகாவாட்டுக்கு மேல் தேவைப்படுபவருக்கு. பசுமை மின்சாரத்துக்கு மட்டும் அந்த வரம்பை 2022இல் 100 கிலோவாட்டாகக் குறைத்தார்கள். இருபது குதிரைத்திறன் மோட்டார் ஓட்டும் பட்டறைக்கு வேண்டியது சுமார் 15 கிலோவாட். ஓட்டகம் நுழையும் ஊசியின் காதைப் பற்றி நாம் மறையுரை ஆற்றுகிறோம். இங்கே ஒட்டகம் எளிதாக நுழைந்துவிடுகிறது, எறும்புக்குத்தான் இடமில்லை.

காற்றுக்குப்பின் கதிரவன். 2016இல் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தபோது, ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது அதுவென்று பேசப்பட்டது. கட்டும்போது ஆயிரக்கணக்கானோருக்கு வேலை. கட்டி முடித்தபின் பலகைகளைத் துடைக்கவும் எந்திரங்கள். அதன் மின்சாரத்தை யூனிட் 7 ரூபாய் 1 காசுக்கு வாங்க மாநில மின்நிறுவனம் நீண்டகால ஒப்பந்தம் செய்திருந்தது. மறு ஆண்டே, 2017 மே மாதம், இராஜஸ்தானின் பட்லாவில் ஏலவிலை 2 ரூபாய் 44 காசாக இறங்கிற்று. விலை இப்படி விழும் என்று முன்பே எவர் அறிவார் என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் அந்த வேறுபாடு இன்றும் ஏதோ ஒரு வீட்டின், ஏதோ ஒரு பட்டறையின் கட்டணத்தில்தான் சேர்கிறது.

இனி அந்தக் கடைசி அறைக்கு வருவோம். 2016 மே முதல், தமிழ்நாட்டில் எல்லா வீட்டு இணைப்புக்கும் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஏழைகளுக்கு நல்ல காரியம் என்று நாமும் மகிழ்ந்தோம். அந்த 100 யூனிட் வீட்டுக்குக் கிடைப்பதில்லை, மீட்டருக்குக் கிடைக்கிறது என்பதை அப்போது நாம் நினைத்துப் பார்க்கவில்லை. அம்பத்தூரிலும் திருமுல்லைவாயிலிலும் பூந்தமல்லியிலும் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள் பலவற்றில் வாரியத்தின் மீட்டர் ஒன்றுதான். உள்ளே வீட்டுக்காரர் வைத்த துணை மீட்டர்கள்.

2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விகிதத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். நான்கு குடும்பங்கள், ஒவ்வொன்றும் இரு மாதத்தில் 150 யூனிட் செலவழிக்கிறது. தனித்தனி மீட்டர் இருந்தால், முதல் 100 இலவசம் போக, 50 யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு வீதம் 112 ரூபாய் 50 காசு. நால்வருக்கும் சேர்த்து 450 ரூபாய். அதே நால்வரும் ஒரே மீட்டரில் இருந்தால் மொத்தம் 600 யூனிட்; 500ஐத் தாண்டியதால் சலுகைப்படிகள் மாறிவிடுகின்றன. 100 இலவசம் போக, அடுத்த 300க்கு 4 ரூபாய் 50 காசு வீதம் 1,350. அடுத்த 100க்கு 6 ரூபாய் வீதம் 600. கடைசி 100க்கு 8 ரூபாய் வீதம் 800. ஆக 2,750 ரூபாய். அதே நான்கு மின்விசிறி, அதே நான்கு மிக்சி; கட்டணம் மட்டும் ஆறு மடங்கு. 2024 ஜூலையில் விகிதங்கள் சற்று உயர்ந்தன; ஏற்பாடு அப்படியே இருக்கிறது. அதிகம் செலவழிக்கும் செல்வரிடம் அதிகம் வாங்குவதற்காக வகுத்த படிக்கட்டு இது. ஏழைகள் ஒரே மீட்டரில் நெருக்கி வாழ்வதால், அந்தப் படிக்கட்டு அவர்களைச் செல்வர் என்று எண்ணிக்கொள்கிறது.

வீட்டுக்காரர் இந்தத் தலைவலியெல்லாம் வேண்டாமென்று யூனிட்டுக்கு 8, 10 என்று ஒரே விலை வைத்துவிடுகிறார். நம் அம்மாவின் வரிசையில் 10. தனி மீட்டர் இருந்தால் 112 ரூபாய் 50 காசு கட்டியிருக்க வேண்டியவர் 1,500 ரூபாய் கட்டுகிறார்.

இப்போது மாடியில் பலகைகள். சென்னை வெயிலில் ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் தரும். அதற்கு நூறு சதுர அடி நிழலில்லாத கூரை வேண்டும். 3 கிலோவாட்டுக்கு இரு மாதத்தில் 700 யூனிட்டை ஒட்டி வரும். வீட்டுக்காரரின் கட்டணத்தில் கழிவது மேல்படியிலுள்ள விலையுயர்ந்த யூனிட்டுகள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய 'பிரதமர் சூரிய வீடு' திட்டத்துக்கு 75,021 கோடி ரூபாய் ஒதுக்கி, ஒரு கோடி வீடுகள் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். மானியம் பொதுப்பணம். அதில் அந்த அம்மா வாங்கும் தீப்பெட்டியின் வரியும் உண்டு. கூரை உடையவருக்கே அது கிடைக்கும். மலைப்பொழிவில், நல்லோர் தீயோர் என்று பாராமல் உதிக்கும் கதிரவனைப் பற்றி ஆண்டவர் சொன்னார். கூரை உள்ளவர் இல்லாதவர் என்று கதிரவனும் பார்ப்பதில்லை. பார்ப்பது நம் விண்ணப்பப் படிவம்.

இது நம் தெருவின் சங்கதி மட்டுமன்று. தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டு கடுமையானபோது, வசதியுள்ள வீடுகளும் நிறுவனங்களும் கூரைகளில் பலகைகளை அடுக்கின. 2022 மார்ச்சில் ஆயிரம் மெகாவாட்டை ஒட்டியிருந்த கூரைத் திறன் 2023 நடுவில் 4,400 மெகாவாட்டைத் தாண்டியது. பாகிஸ்தான் 2024ஆம் ஆண்டில் மட்டும் சீனாவிலிருந்து ஏறத்தாழ 17,000 மெகாவாட் பலகைகளை இறக்குமதி செய்தது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மின்நிலையங்களுக்கும் கம்பிகளுக்கும் வாங்கிய கடனை எவரேனும் அடைத்தாக வேண்டும். வசதியுள்ளவர் மின்சாரம் வாங்குவதைக் குறைத்துக்கொள்ள, அந்தச் சுமை கூரையில்லாமல் எஞ்சி நிற்பவர் தலையில் இறங்குகிறது. பேருந்துக் கட்டணத்தைப் பயணிகளின் எண்ணிக்கையால் பங்கிடுவதாக இருந்தால், கார் வாங்கியவர் இறங்கிப் போகப்போக, மீந்தவரின் சீட்டு விலை ஏறுவது போல. இதற்கு ஈடாகத்தான் நம் மாநிலத்திலும் கூரை மின்சாரத்துக்குக் கட்டமைப்புக் கட்டணம் விதித்தார்கள். அது சிறு தொழில்களையும் சேர்த்து அடித்தது. நிலைக்கட்டண உயர்வோடு இதையும் எதிர்த்து, 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலமெங்கும் சிறு தொழிற்கூடங்கள் கதவடைத்தன. நவம்பரில் சிறு தொழில்களுக்கு அந்தக் கட்டமைப்புக் கட்டணம் பாதியாகக் குறைக்கப்பட்டது.

சூரியனும் காற்றும் செல்வரோடுதான் ஒட்டும் என்பது இயற்கையின் விதியா? இல்லை என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்துக்கு அருகே ஓடந்துறை என்றொரு ஊராட்சி. ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், 2006இல், அந்த ஊராட்சி சொந்தமாக ஒரு காற்றாலை வாங்கியது. 350 கிலோவாட், விலை 1 கோடியே 55 இலட்சம். ஊராட்சியின் சேமிப்பு 40 இலட்சம். மீதி வங்கிக் கடன். ஊரில் காற்று போதாதென்று உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் நிறுவினார்கள். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆகும் மின்சாரத்தை அந்தக் கணக்கில் கழித்துக்கொண்டு, மிகுந்ததை மின்வாரியத்துக்கு விற்றார்கள். நூற்பாலை முதலாளிகள் நடந்த அதே பாதையில்தான் ஓர் ஊராட்சியும் நடந்தது. முப்பந்தலில் நின்றதற்கும் இதற்கும் எந்திரத்தில் வேறுபாடில்லை; பட்டாவில்தான் வேறுபாடு.

மாநில அரசு 2011இல் கொண்டுவந்த பசுமை வீடுகள் திட்டத்தையும் சொல்ல வேண்டும். ஏழைகளுக்கு 300 சதுர அடியில் வீடு. ஒவ்வொன்றிலும் சூரிய சக்தியால் எரியும் ஐந்து விளக்குகள். ஐந்தாண்டில் மூன்று இலட்சம் வீடுகள் என்று அறிவித்தார்கள். கூரையைக் கொடுத்து, அதன்மேல் பலகையையும் கொடுத்தது அது. வங்காளதேசத்தில் 2003 முதல் சிறு கடன்வழி 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊர்ப்புற வீடுகள் சூரிய விளக்குப் பெற்றன. பிற்பாடு கம்பி மின்சாரம் போனபோது அவற்றில் பல மூலையில் கிடந்தன என்பதும் உண்மை. ஏழைகள் கம்பியையே விரும்பினார்கள். அதில் மின்விசிறியும் ஓடும் அல்லவா!

திருச்சபையும் இந்தக் கேள்விக்கு வெளியே இல்லை. வத்திக்கானில் ஆறாம் பவுல் அரங்கின் கூரைமேல் 2008இல் 2,400 பலகைகள் ஏறின. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில், பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் பிரித்துக் கேட்க வேண்டாம் என்றார். நம் பங்குப் பேரவையிலும் பங்கு மண்டபத்தின் மேல் 10 கிலோவாட் அமைக்கலாம் என்று பேச்சு வந்தது. நிறுவனம் ஒன்று மதிப்பீடும் தந்துவிட்டது. ஐந்தாறு ஆண்டில் போட்ட பணம் திரும்பும் என்று பேரவைச் செயலர் கணக்குக் காட்டினார். அந்த மின்சாரத்தில் ஒரு பங்கைப் பக்கத்து வரிசை வீடுகளுக்குக் கொடுக்க வழியுண்டா என்று கேட்டோம். நம் இணைப்பிலிருந்து அடுத்தவர் வீட்டுக்குக் கம்பி இழுக்கக் கூடாது என்றார் மின்பணியாளர். ஓரிடத்தில் விளைவதைப் பல மீட்டர்களின் கணக்கில் பங்கிட்டுக் கழிக்கும் முறையை டில்லி 2019இல் அனுமதித்ததாகப் படித்திருக்கிறோம்; நம் தெருவில் அதை இன்னும் பார்க்கவில்லை. அதற்கும் அவரவருக்குத் தனி மீட்டர் வேண்டும். மதிப்பீடு நம் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

வரிசை வீட்டுக்காரரிடமும் ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டோம். அவர் தீயவர் அல்லர். கோவில் மணிக்கூண்டுக்குக் கேட்காமலே கொடுத்தவர். 2015 வெள்ளத்தில் குடித்தனக்காரர்களை மாடியில் தங்க வைத்துச் சோறு போட்டவர். "வங்கித் தவணை இன்னும் நாலு வருஷம் இருக்கு, ஃபாதர். அது முடியட்டும், குறைச்சுடறேன்" என்றார். தனித்தனி மீட்டருக்கு விண்ணப்பிக்கலாமே என்றோம். ஆறு இணைப்புக்கு முன்பணம், கட்டட அனுமதி, கம்பி வேலை என்று விரல்விட்டு எண்ணினார். அதுவும் பொய்யன்று.

சென்ற வாரம் அன்பியக் கூட்டம் அந்தக் கடைசி அறையில் நடந்தது. சுவரில் திரு இருதயப் படத்தின்கீழே ஆணியில் ஒரு சிறு நோட்டுத் தொங்கியது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, துணை மீட்டரில் தெரியும் எண்ணை அந்த அம்மா பென்சிலால் குறித்து வைக்கிறார். நாம் பலகைகளை மந்திரித்த மாதத்துக்கு மேலும் கீழும் பார்த்தோம். எல்லாப் பக்கத்திலும் அதே பெருக்கல். கடைசி வரியில் 78 யூனிட், 780 ரூபாய்.